ஒரு கழிமுகத்தின் ஐந்தொகை

மகள் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறாள். பேரன் பிறந்த சமயத்தில் போய் இருந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் எங்கள் தெரு ஆச்சிமார் எல்லாரும் வெள்ளை மாளிகையையும் நயாகராவையும்தான் விசாரித்தார்கள். நான் ஒரு கலங்கல் தண்ணீர் விரிகுடாவைப் பற்றி ஆரம்பித்தேன். ரெண்டே நிமிஷத்தில் பேச்சு யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் பலகாரம் போடுகிறார்கள் என்று போய்விட்டது. சரி, இங்கே எழுதி வைக்கிறேன், வேண்டியவர்கள் படிக்கட்டும்.

அதன் பெயர் செசபீக். விரிகுடா என்று பெயர் இருந்தாலும் அது ஆறுகளும் கடலும் கலக்கிற பெரிய கழிமுகம். நீளம் சுமார் 320 கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் ஆறரை மீட்டர்கூட இல்லை. அதில் வந்து விழும் தண்ணீரின் நீர்ப்பிடிப்புப் பகுதி 1,66,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடு மொத்தமே 1,30,000தான். இத்தனை பெரிய நிலத்தின் அழுக்கெல்லாம் இத்தனை ஆழம் குறைந்த தண்ணீரில் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால்தான் மகள் ஒருநாள், "ஆத்தா, உங்க ஆளு ஒருத்தர் இருக்கார், வாங்க" என்று பக்கத்து ஓடையின் படகுத்துறைக்குக் கூட்டிப்போனாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்து கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சம்பளம் கிடையாது, தன்னார்வலர். காற்றுக்குமிழி ஒன்றுகூட நிற்காமல் பாட்டிலை வழிய நிரப்பி, சாய்த்து, ஸ்டாப்பரை மூடிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை! 1888இல் வந்தது. எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு எடுத்து வைத்திருப்பேன்.

முதலில் மாங்கனீஸ் சல்பேட், அப்புறம் காரம் கலந்த அயோடைடு. பாட்டிலை மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தால் உள்ளே மேகம் மாதிரி வீழ்படிவு திரளும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தால் நல்ல பழுப்பு. இல்லவே இல்லை என்றால் வெள்ளை. அது அடியில் படிந்ததும் அமிலம் விட்டால் கரைந்து மஞ்சளாகும். தயோவை, அதாவது சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு வெளிறிய வைக்கோல் நிறம் வந்ததும் ஸ்டார்ச், உடனே கருநீலம். இன்னும் சில சொட்டில் அந்த நீலம் சட்டென்று போய்விடும். அதுவரை எவ்வளவு தயோ செலவானதோ, அதை வைத்துத்தான் ஆக்சிஜன் கணக்கு. அவர் பியூரெட் என்கிற அளவுக் குழாய்க்குப் பதில் சின்ன சிரிஞ்சு வைத்திருந்தார். மற்றபடி எல்லாம் நம்ம ஊர் வேலைதான். அன்றைக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் பக்கம் வந்தது. மீன்கள் நன்றாக இருக்க 5 வேண்டும். உதட்டைப் பிதுக்கிக்கொண்டே நோட்டில் எழுதினார். கோடைகாலத்தில் விரிகுடாவின் நடு வாய்க்கால் ஆழத்திலிருந்து எடுத்தால் வீழ்படிவு வெள்ளையாகவே வரும் என்றார்.

ஏன் வெள்ளை? ஆற்றுத் தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும். கடல் தண்ணீர் கனமானது, அடியில் நிற்கும். வெயில் காலத்தில் இரண்டும் கலக்காது. வயலில் போட்ட உரமும் மாட்டுச் சாணமும் சாக்கடையும் கொண்டுவரும் நைட்ரஜன், பாஸ்பரஸைத் தின்று மேலே பாசி கொழுக்கும். பாசி செத்து அடியில் விழுந்தால், அதை மட்கச் செய்யும் பாக்டீரியா அங்கே இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் உறிஞ்சிவிடும். மேலிருந்து புதுக்காற்றும் இறங்காது. ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நண்டு ஓடிவிடும், ஓட முடியாத சிப்பி சாகும்.

எங்கள் அப்பச்சி மலாயாவில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். சிட்டை, பேரேடு, வருஷக் கடைசியில் ஐந்தொகை. செசபீக்கில் நான் பார்த்ததும் அப்படி ஒரு கணக்குதான். 1983இல் மாநிலங்கள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டன, 1984இல் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கினார்கள், இன்றுவரை விடவில்லை. 2010இல் மத்திய சுற்றுச்சூழல் முகமை, 'வருஷத்துக்கு நைட்ரஜன் 8 கோடியே 43 லட்சம் கிலோ, பாஸ்பரஸ் சுமார் 57 லட்சம் கிலோ, இதற்கு மேல் இறங்கக் கூடாது' என்று உச்சவரம்பு கட்டியது. அதை ஆறு மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் பங்கு பிரித்துப் பற்று எழுதிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், செலவு பெரும்பாலும் விரிகுடாக் கரையில் இல்லை. விரிகுடாவுக்கு வரும் ஆற்றுத் தண்ணீரில் பாதியைக் கொண்டுவருவது சஸ்குவெஹானா ஆறு. அது நியூயார்க் மாநிலத்தில் புறப்பட்டுப் பென்சில்வேனியா வழியாக வருகிறது. அங்கே லங்காஸ்டர் பக்கம் பால்மாட்டுப் பண்ணைகள் அதிகம். கடலையே பார்க்காத விவசாயியிடம் போய், 'ஓடைக்கரையில் மரம் நடுங்கள், மாடு ஓடையில் இறங்காமல் வேலி போடுங்கள்' என்று கேட்க வேண்டும். கேட்டதும் செய்துவிடுவார்களா? இழுபறிதான். மேரிலாந்தில் 2004இல் வீட்டுக்கு மாதம் 2.50 டாலர் வரி போட்டார்கள், 2012இல் அதை 5 டாலர் ஆக்கினார்கள். ஜனங்கள் வைத்த பெயர் கக்கூஸ் வரி. அந்தப் பணம் பெரும்பாலும் கழிவுநீர் ஆலைகளை மேம்படுத்தத்தான் போகிறது. நம்ம ஊரில் இப்படி ஒரு வரி போட்டால் நடக்கும் கூத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பெர்னி ஃபௌலர் கதை. மேரிலாந்து செனட்டராக இருந்தவர், 2021இல் காலமானார். இளமையில் பட்டக்ஸன்ட் ஆற்றில் மார்பளவு தண்ணீரில் நின்றாலும் பாதம் தெரியுமாம். 1988 முதல் வருஷா வருஷம் ஜூன் மாதம் வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, ஊராரோடு கைகோத்து ஆற்றில் இறங்கினார். ஷூ கண்ணுக்கு மறைந்ததும் நின்றுவிடுவார். கரையேறி, உடுப்பில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று அடிஸ்கேலால் அளப்பார்கள். கருவி வைத்து அளப்பவர்கள் இதை அளவை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒத்துக்கொள்வேன். ஆக்சிஜன் எண்ணைச் சொன்னால் தூங்கிவிடும் ஊர் ஷூ மறைந்த இடத்தைச் சொன்னால் கேட்கும்.

பலன் உண்டா என்றால், உண்டு. 1984இல் தண்ணீருக்கடியில் 38 ஆயிரம் ஏக்கரை ஒட்டி இருந்த புல் 2017இல் 1 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. மறுவருஷம் கொட்டித் தீர்த்த மழை சேற்றைக் கொண்டுவந்து கொட்டி, மறுபடி குறைத்துவிட்டது. ஹாரிஸ் கிரீக் என்ற ஓடையில் 350 ஏக்கரில் சிப்பித் திட்டுகளை மீட்டிருக்கிறார்கள். வளர்ந்த சிப்பி ஒன்று நாளைக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும். இத்தனைக்குப் பிறகும் 2025 கெடுவில் இலக்கை எட்டவில்லை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் ஆண்டுதோறும் கொடுக்கும் மதிப்பெண் அட்டையில் 2023க்குக் கிடைத்தது சி பிளஸ். அந்தச் சுமார் மதிப்பெண்ணை ஒளிக்காமல் ஊரறியப் போடுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் நான் மெச்சுகிறேன். இதே ஆட்கள் சேர்ந்து நம் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கும் 2012இல் அட்டை போட்டார்கள். அதற்கு பி.

நம்ம பக்கம் வருவோம். கண்டதேவி வழியாகப் போகும் விருசுழி ஆறும் மற்றச் சிற்றாறுகளும் கிழக்கே பாக் நீரிணையில்தான் சேர வேண்டும். சேர வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணலும் சீமைக்கருவேலமும். செசபீக்கின் நோய் மேலிருந்து வரும் சத்து மிஞ்சிப்போனது, நமது நோய் தண்ணீரே போய்ச் சேராதது. கோடையில் முகத்துவாரத்தில் நல்ல தண்ணீர் இல்லாமல் உப்பு ஏறும். அதனால் அவர்கள் வைத்தியத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதில் அர்த்தமில்லை. கொண்டுவர வேண்டியது விடாமல் அளந்து எழுதும் அந்த நோட்டை. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. படித்தவர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் குறைச்சல் இல்லை.

நான் பியூரெட்டைத் துடைத்து வைத்துவிட்டேன். தயோவும் மாங்கனீஸ் சல்பேட்டும் மதுரையில் சொல்லியிருக்கிறேன். நைட்ரைட் கணக்கைக் கெடுக்காமல் இருக்கச் சேர்க்கும் அசைடு மட்டும் வாங்கவில்லை, அது கொடிய விஷம், பேரன் லீவுக்கு வரும் வீட்டில் வேண்டாம். நைட்ரைட் அதிகமில்லாத தண்ணீருக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று, ஆறு ஓடும்போது ஒன்று, தை கழிந்து ஒன்று என்று முகத்துவாரத் தண்ணீரைப் பார்ப்பதாக உத்தேசம். தொண்டிப் பக்கம் இருப்பவர்களில் உப்பு மீட்டர் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். பஸ் செலவு என்னுடையது, மதியச் சாப்பாடும் கட்டிக்கொண்டு வருகிறேன்.