கூத்து வீடியோ கிடைத்துவிட்டது

பழுதாகிப்போன மாமாவின் எக்ஸ்டேனல் ஹார்ட் டிஸ்கில் இருந்த, நம் மட்டக்களப்பு வடமோடிக் கூத்து அரங்கேற்ற வீடியோக்களில் பெரும்பகுதியை எடுத்தாயிற்று. வந்தாறுமூலையிலிருந்து கல்லடி வரை விசாரித்தவர்களுக்காக எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட டிஸ்கைச் செருகினால் விண்டோஸ் 'ஃபோமட் செய்யவா?' என்று கேட்கும். மறந்தும் ஓம் சொல்லக்கூடாது. விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கருவியான செக்டிஸ்க்கும் வேண்டாம், திருத்தச் சொன்னால் அது பழுதான டிஸ்கிலேயே எழுதத் தொடங்கிவிடும். பிரீசரில் வைக்கச் சொன்ன மச்சானுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

நல்லவேளை, 'டிக் டிக்' சத்தம் இல்லை. அது கேட்டால் டிஸ்கை வாசிக்கும் ஹெட் போயிருக்கலாம். உடனே வயரைக் கழற்றிவிட வேண்டும்.

லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற, பழுதான டிஸ்கைப் பிரதி எடுக்கும் மென்பொருளைப் போட்டேன். நன்றாக வாசிக்க முடிந்த இடங்களை முதலில் வேறு டிஸ்குக்கு அள்ளிவிட்டு, பிறகுதான் பழுதான செக்டர்களோடு (டிஸ்கின் சிறு துண்டுகளோடு) மல்லுக்கட்டும். எதுவரை முடிந்தது என்று மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம்மூருக்கென்றே செய்த மாதிரி!

அப்புறம் அந்தப் பிரதியில், ஃபைல்களைத் தேடி மீட்கும் ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன். ஃபைல் பெயர்கள் போய் வெறும் இலக்கங்கள்தான் மிச்சம். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனால், ஒன்றில் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளம் தட்டுகிறார், சல்லரித் தாளம் சேர்கிறது, வட்டமாக விரிந்த கரப்புடுப்போடு அரசன் வரவு தொடங்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது. சத்தம் மட்டும் அப்படியே தெளிவு!

ஆடியவர்கள் பென் டிரைவோடு வாருங்கள். ஃபைல்கள் 4 ஜிபிக்கு மேல், பழைய ஃபாட்32 முறையில் அவ்வளவு பெரிய ஃபைல் ஏறாது, அதனால் எக்ஸ்ஃபாட்டில் ஃபோமட் செய்தது வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள்.