ஹோம்ஸின் இரக்கம் எங்கே போயிற்று?

துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்த பிபிசி தொடரில் (2010) கைப்பேசியும் இணையமும் கதைக்குள் இயல்பாகவே பொருந்தியிருக்கின்றன. என் வருத்தம் அவருடைய குணத்தைப் பற்றியது. அந்த ஹோம்ஸ் நண்பருக்காக உருகுகிறார், உண்மைதான், ஆனால் முன்பின் அறியாதவர்களைச் சிறுமைப்படுத்துவதில் மகிழ்ச்சி காண்கிறார். மூலக் கதைகளில் எழுத்தாளர் கோனன் டாயில் படைத்த ஹோம்ஸோ, நீலக் கல்லைத் திருடி கிறிஸ்துமஸ் வாத்தின் உடலுக்குள் மறைத்துவைத்தவன் தம் காலில் விழுந்து அழும்போது, இவனைச் சிறைக்கு அனுப்பினால் வாழ்நாள் முழுவதும் குற்றவாளியாகவே ஆகிவிடுவான் என்று எண்ணி, கதவைத் திறந்து போகவிடுகிறார். காவல்துறையின் குறைகளை ஈடுசெய்வதற்காகத் தம்மை யாரும் அமர்த்தவில்லை என்றும் நண்பர் வாட்சனிடம் சொல்கிறார். கண்டுபிடிக்கும் கூர்மையும் மன்னிக்கும் துணிவும் ஒரே மனிதரிடம் இருப்பதல்லவா அவருடைய பெருமை! 1984-இல் தொடங்கிய கிரானடா தொலைக்காட்சித் தொடரில் ஹோம்ஸாக நடித்த ஜெரமி பிரெட், சிடுசிடுப்பை மறைக்காமலேயே இந்தக் கனிவையும் முகத்தில் கொண்டுவந்தார். என் கணிப்பில் மூலத்துக்கு மிக நெருக்கமானவர் அவரே.

இங்கே காட்பாடியில் என்னோடு புத்தகம் பேசவரும் கல்லூரிப் பிள்ளைகள், திரையில் பார்த்ததை வைத்து, ஹோம்ஸ் என்றாலே திமிர் பிடித்தவர் என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். அவர்கள் கையில் நான் முதலில் கொடுப்பது அந்த நீலக் கல் கதையைத்தான்.