பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா கோவிலும் எங்க அம்மாவோட கீமோ நாட்களும்

தர்மபுரி பக்கம் கத்தோலிக்க குடும்பத்துல யாருக்காச்சும் உடம்பு முடியலன்னா மொதல்ல வர்ற பேச்சு "பள்ளிப்பட்டி மாதாகிட்ட ஒரு தடவை போய்ட்டு வந்துடுங்க"ங்கறதுதான். பொம்மிடி பக்கத்துல இருக்கற பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா கோவில். அம்மாவுக்கு மார்புல கட்டின்னு கண்டுபுடிச்சு ஆபரேஷன் முடிஞ்சு கீமோ ஓடிட்டு இருந்துச்சு, ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவுல கொஞ்சம் தெம்பு வரும் பாருங்க, அந்த மாதிரி ஒரு வாரத்துல அம்மாவே கேட்டாங்க, "கண்ணு, என்னைய மாதாகிட்ட கூட்டிட்டு போடா"ன்னு.

தர்மபுரியில இருந்து கடத்தூர் வழியா பஸ்ல போலாம், ஆனா பஸ் குலுக்கல் அவங்களுக்கு ஆகாது, வாந்தி வந்துரும், அதனால தெரிஞ்ச தம்பி ஒருத்தரோட கார்ல போனோம். வழியெல்லாம் குச்சிக்கிழங்கு காடு, போகப் போக சேர்வராயன் மலை கிட்ட வந்துட்டே இருக்கு, அம்மா கண்ணாடிய இறக்கி விட்டுட்டு பாத்துட்டே வந்தாங்க. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரின்னு இருந்தவங்களுக்கு அந்த காத்தே பாதி மருந்து.

சாதாரண நாள்ங்கறதால கூட்டம் இல்ல. மாதா சிலை வச்ச குகை மாதிரியான கெபி முன்னாடி ஒரு சேர் போட்டு உக்கார வச்சேன். கீமோ எடுத்தவங்களுக்கு நகமெல்லாம் கருத்துப் போகும், விரல் நுனி மரத்துப் போகும், ஜெபமாலையில எந்த மணியில இருக்கோம்னே அவங்களுக்கு தெரியல, கட்டை விரல் நகத்தால மணிய நெம்பி நெம்பி தள்ளுறாங்க. வாய் முழுக்க புண்ணு, அருள் நிறைந்த மரியே சொல்லும்போது உதடு மட்டும்தான் அசையுது. நான் சத்தமா சொல்லிட்டே போனேன், அவங்க பின்னாடியே வந்தாங்க.

பிரான்ஸ்ல இருக்கற லூர்து ஊரோட கதை சின்ன வயசுல ஞாயிறு மறைக்கல்வியில கேட்டதுதான், ஆனா அன்னைக்கு அங்க உக்காந்து யோசிக்கும்போது வேற மாதிரி மனசுல இறங்குச்சு. 1858 பிப்ரவரி 11ல இருந்து பெர்னதெத்ங்கற 14 வயசு ஏழைப் பொண்ணுக்கு மாதா 18 தடவை காட்சி குடுத்தாங்க, மாதா சொன்ன எடத்துல அந்த பொண்ணு மண்ணைத் தோண்ட மொதல்ல சேறுதான் வந்துச்சு, அப்புறம்தான் தெளிஞ்ச ஊத்து. உலகமே அந்த தண்ணிக்குப் போகுது. ஆனா பெர்னதெத்துக்கு ஆஸ்துமா, எலும்புல காசநோய், சின்ன வயசுலயே, 35 வயசுல, 1879ல இறந்துட்டாங்க. அவங்களுக்கு சுகம் கிடைக்கல. ஆனாலும் அவங்க விசுவாசத்துல ஒரு பொட்டு குறைஞ்சதா யாராச்சும் சொல்ல முடியுமா?

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அம்மாவுக்கு ஜெபிக்கறேன்னு வீட்டுக்கு வந்த ஒருத்தர், பேர் வேண்டாம், "விசுவாசம் இருந்தா இந்த ஊசியெல்லாம் எதுக்கு, நிறுத்திடுங்க"ன்னு சொல்லிட்டு போய்ட்டார். அன்னைக்கு ராத்திரி முழுக்க அம்மா தூங்கல, எனக்கு விசுவாசம் பத்தலையான்னு கேட்டு அழுதாங்க. ஒரு நோயாளிகிட்ட இப்படி பேசறது பாவம்னே நான் சொல்லுவேன். நம்ம பைபிள்லயே சீராக் 38ஆம் அதிகாரத்துல மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவர்தான் படைச்சார், மருந்தையும் மண்ணுல இருந்து அவர்தான் வரவச்சார்னு இருக்கு, அதே அதிகாரத்துல நோய் வந்தா ஆண்டவர்கிட்ட மன்றாடுன்னும் இருக்கு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. லூர்துலயே 1883ல இருந்து டாக்டர்ங்க உக்காந்து ஒவ்வொரு சுகத்தையும் பரிசோதிக்கறாங்க, ஆயிரக்கணக்கானவங்க சுகமானேன்னு வந்து சொன்னாலும் திருச்சபை புதுமைன்னு, அதாவது அற்புதம்னு, ஏத்துக்கிட்டது 72தான். திருச்சபையே அவ்ளோ நிதானமா இருக்கும்போது நமக்கு என்ன அவசரம்.

அங்க இருந்த பாதிரியார்கிட்ட நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கற சடங்கு, கேட்டோம். அவர் மொதல்ல கேட்டதே "மாத்திரை எல்லாம் நேரத்துக்கு சாப்பிடறீங்களாம்மா, அடுத்த கீமோ எப்ப?"ன்னுதான். அப்புறம்தான் ஸ்டோலை, கழுத்துல போடற அந்த நீளத் துணிய, போட்டுட்டு அம்மா தலையில கை வச்சு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம நின்னார், நெத்தியிலயும் ரெண்டு உள்ளங்கையிலயும் எண்ணெய் பூசினார். அம்மா அந்த எண்ணெய துடைக்கவே இல்ல, கைய விரிச்சு மடியில வச்சுட்டே வீடு வரைக்கும் வந்தாங்க. அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினாங்க. எனக்கு அதுவே பெரிய சுகம், ஸ்கேன் ரிப்போர்ட்ல வராத சுகம்.

கீமோ முடிஞ்சு, கரண்ட் வைக்கறதும் (கதிர்வீச்சு சிகிச்சை) முடிஞ்சு, கடைசி ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு டாக்டரம்மா சொன்னப்ப நானும் அம்மாவும் அங்கயே ஆண்டவருக்கு நன்றி சொன்னோம், டாக்டரம்மா கையப் புடிச்சும் நன்றி சொன்னோம். இது எந்த அளவு மருந்து எந்த அளவு ஜெபம்னு நான் பிரிச்சு பாக்க மாட்டேன். அதே வார்டுல பக்கத்து பெட்ல ஒரு அக்கா இருந்தாங்க, எங்களை விட அதிகமா ஜெபிச்சவங்க, ஒவ்வொரு நாளும் பைபிள்ல மாற்கு 5ல வர்ற அந்த 12 வருஷம் பெரும்பாடு (ரத்தப்போக்கு) பட்ட அம்மாவோட பகுதிய வாசிக்கச் சொல்லி கேப்பாங்க, ஆண்டவரோட துணிய தொட்டதும் சுகமானாங்களே அவங்க. அக்கா போய்ட்டாங்க. பைபிள்ல பவுலடியார் தன்னை வாட்டின ஒரு கஷ்டத்தை உடம்புல தச்ச முள்ளுன்னு சொல்லுவார், மூணு தடவை வேண்டியும் அந்த முள் எடுபடல, "என் அருள் உனக்குப் போதும்"னுதான் பதில் வந்துச்சு. அந்த அக்கா கடைசி வரைக்கும் முகம் வாடாம இருந்ததைப் பாத்தப்ப அந்த வசனம் எனக்கு புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப எங்க வீட்டு ஜெபத்துல அவங்க பேரும் சேந்துக்கிச்சு.

போக நினைக்கறவங்களுக்கு: ரயில்ல வந்தா சேலம் ஜோலார்பேட்டை லைன்ல பொம்மிடி ஸ்டேஷன்ல இறங்கணும். பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாள், 1993ல இருந்து உலக நோயாளர் தினமும் அதே நாள்தான், இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் ஏற்படுத்தினது. ஆனா ட்ரீட்மென்ட்ல இருக்கறவங்களுக்கு திருவிழா கூட்டம் வேண்டாம், இன்ஃபெக்ஷன் பயம், சாதாரண நாள்ல வெயிலுக்கு முன்னாடி காலையிலயே போய்டுங்க. கஞ்சி ஒரு பிளாஸ்க்ல எடுத்துக்கோங்க, மதியம் போட வேண்டிய மாத்திரையையும் மறக்காம பையில வச்சுக்கோங்க.