எங்களுக்குத் தர வேண்டியவர்கள் எங்களிடமே பாக்கி கேட்ட கதை

ஏப்ரல் இரண்டாவது வாரம், ராத்திரி பதினொன்றே கால். மகள் காலேஜிலிருந்து போன் செய்தாள். அழுகை மட்டும்தான் கேட்டது. ஏதோ விபத்து என்று மனைவி கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது: "அப்பா, எங்க டிரம் கோர மூடிட்டாங்க." டிரம் கோர் என்பது பித்தளை வாத்தியமும் டிரம்மும் வாசித்துக்கொண்டே மைதானத்தில் அணிவகுத்து, கோடையில் ஊர் ஊராகப் போய்ப் போட்டியிடும் இளைஞர் குழு.

வந்த மின்னஞ்சலை எனக்கும் அனுப்பினாள். ஆறே வரி. நிதி நிலைமை காரணமாக இந்தக் கோடையில் குழு களமிறங்காது, இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி, மற்ற விவரங்கள் பின்னர். அந்தப் 'பின்னர்' இன்னும் வரவில்லை.

இங்கே டெக்சஸில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்டில் இருக்கிறார்கள். அதில் ஊறியவர்கள் அடுத்து டிரம் கோர் ஆடிஷன் என்று நிற்பார்கள். அந்தப் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மகளுக்கு வயது 21. இந்தக் குழுக்களுக்குப் போட்டி நடத்தும் டிஸிஐ (டிரம் கோர் இன்டர்நேஷனல்) அமைப்பில் அதுதான் கடைசி வருஷம், 'ஏஜ்-அவுட்' என்பார்கள். "விடும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்ல வழியே இல்லை. போதாததற்கு, இந்த டூருக்காக ஒரு இன்டர்ன்ஷிப்பை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அது தனிப் பஞ்சாயத்து.

கணக்குக்கு வருகிறேன். மொத்தக் கட்டணம் 5,600 டாலர். அதில் 4,200 போயிருந்தது. ஆடிஷன் முடிந்து இடம் கிடைத்ததும் 600 கிரெடிட் கார்டில். அப்புறம் 1,800 செக்கில். இன்னொரு 1,800, மகள் பெயரில் குழு திறந்துகொடுத்த நன்கொடைப் பக்கம் வழியாக: என் ஆபீஸ் நண்பர்கள், அவளுடைய பழைய பேண்ட் டைரக்டர், நியூஜெர்ஸியில் இருக்கும் சித்தப்பா என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டது. மாதாமாதம் குழுவின் பயிற்சிக் கேம்ப்புக்குப் பறந்த டிக்கெட் செலவு இதில் சேராது. செக் ஏன் என்று கேட்பீர்கள். கார்டுக்கு 3.5 சதவீதம் கூடுதல் என்றார்கள். 1,800க்கு 63 டாலர். அதை மிச்சம் பிடித்தேன். அந்த மிச்சத்தைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் பேச்சு வரும்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. பிப்ரவரி கேம்ப் நடக்கும் பள்ளிக்கூடம் கடைசி வாரத்தில் மாறியது. மார்ச் கேம்ப்புக்கு மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டுவரச் சொன்னார்கள். குழுவின் சமையல் டிரக் 'சர்வீஸில்' இருந்ததாம். யூனிஃபார்முக்கு அளவெடுக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, முழுக் கட்டணத்தையும் மார்ச் கடைசிக்குள் கட்டினால் 200 டாலர் தள்ளுபடி என்று ஒரு அறிவிப்பு. டூர் கிளம்புவது ஜூன் கடைசியில். அவ்வளவு முன்னாடி ஒருவர் அவசரமாகக் காசு கேட்டால் அவர் கையில் காசு இல்லை என்று அர்த்தம். நம்ம ஊர் சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

இந்தக் குழுக்கள் எல்லாம் லாபநோக்கற்ற அமைப்புகள். வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு வருஷாவருஷம் ஃபாரம் 990 என்ற நிதிக் கணக்கைக் கொடுக்கிறார்கள். அது பொது ஆவணம். ஐஆர்எஸ் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம், புரோபப்ளிகா என்ற செய்தித் தளத்திலும் தேடலாம். குழு மூடியபிறகுதான் நான் உட்கார்ந்து பார்த்தேன். சொத்தைவிடக் கடன் அதிகம் என்று இரண்டு வருஷமாகவே அதில் எழுதியிருந்தது. ஒன்று மட்டும் கவனம்: 990 எப்போதும் ஒரு வருஷமாவது பின்தங்கித்தான் வரும், அதில் நல்ல நிலைமை தெரிந்தாலும் அது பழைய செய்தி. ஆடிஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பத்து நிமிஷம் செலவழியுங்கள். நான் ஒரு மைக்ரோவேவ் வாங்க இதைவிட அதிகமாகப் படித்திருக்கிறேன்.

பெரிய பெயரை நம்பியும் பயனில்லை. 1934இல் நியூஜெர்ஸியில் தொடங்கிய கேடட்ஸ் என்ற குழு 2024 ஏப்ரலில் மூடியது. அங்கே வழக்கும் காப்பீடும் சேர்ந்து இழுத்தன. ஏழு முறை டிஸிஐ பட்டம் வென்ற சான்டா கிளாரா வேன்கார்டு குழு பணமில்லாமல் 2023 சீசனையே விட்டுவிட்டு 2024இல் திரும்பி வந்தது. ஒரு காலத்தில் சர்ச்சுகளும், முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களும் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்திய விஷயம் இது. இன்றைக்கு 150க்கு மேற்பட்ட பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி, வாத்தியங்களை டிரெய்லரில் ஏற்றி, ஒரு நாளைக்கு நாலு வேளை சோறு போட்டு, ஊர் ஊராகப் பள்ளிக்கூட ஜிம் தரையில் தூங்கவைத்து, ஆகஸ்டில் இறுதிப் போட்டி நடக்கும் இண்டியானாபோலிஸ் வரை கொண்டுபோக வேண்டும். டீசல், பஸ் வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் ஏறிக்கொண்டே போகிறது. நாம் கட்டும் கட்டணம் செலவில் ஒரு பங்குதான். மீதி நன்கொடை, டி-ஷர்ட் விற்பனை, சில குழுக்களுக்கு பிங்கோ ஆட்டம். ஆமாம், பிங்கோ. கலிஃபோர்னியாவின் பெரிய குழுக்கள் பல வருஷம் அதை வைத்துத்தான் ஓட்டின.

பணத்தைத் திரும்பப் பெறும் படலம். முதலில் கார்டு கம்பெனி. போனில் வந்த பெண்ணுக்கு டிரம் கோர் என்றால் என்னவென்று விளக்கவே இருபது நிமிஷம். "இது ஜிம் மெம்பர்ஷிப் மாதிரியா, சார்?" ஏதோ ஒன்று என்று ஒப்புக்கொண்டேன். அங்கேதான் தப்பு. 'உறுப்பினர் ரத்து செய்தார்' என்ற காரணத்தில் பதிந்துவிட்டாள், இரண்டு வாரத்தில் தள்ளுபடியானது. மறுபடி போட்டேன், இந்த முறை 'பணம் வாங்கினார்கள், சேவை தரவில்லை' என்று. ஜூனில்தானே டூர், அதற்குள் எப்படிச் சேவை தரவில்லை என்பீர்கள் என்றார்கள். அந்த ஆறு வரி மின்னஞ்சலைக் கொடுத்தேன், 600 வந்துவிட்டது. அந்த மின்னஞ்சலையும், ஒப்பந்தத்தையும், உறுப்பினர் பக்கத்தில் இருந்த ரசீதுகளையும் முதல் ராத்திரியே பிடிஎஃப்பாக எடுத்து வைத்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பத்தே நாளில் அந்த இணையதளம் காணாமல் போனது.

நன்கொடை 1,800 போனது போனதுதான். அந்த இணையப் பக்கத்தில் மகளின் படம் இருந்தாலும், சட்டப்படி அது குழுவுக்குக் கொடுத்த தானம். சித்தப்பா பெருந்தன்மையாக "விடுடா" என்றார். ஆபீஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை; நான்தான் ஒரு மாதம் காபி மெஷின் பக்கம் போகவில்லை. செக்கில் கொடுத்த 1,800க்கு நாற்பது மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது. குழு இருந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஆபீஸிலும் புகார் பதிந்து வைத்திருக்கிறேன்.

ஆனால் என்னை உலுக்கியது பணம் இல்லை, ஒரு கடிதம்.

குழு மூடிய மறுநாளே பிள்ளைகள் மற்ற குழுக்களுக்கு வீடியோ அனுப்ப ஆரம்பித்தார்கள். மகளும் அனுப்பினாள், ஒரு குழு காத்திருப்புப் பட்டியலில் வைத்தது. யாராவது விலகி 'ஹோல்' விழுந்தால் கூப்பிடுவார்களாம். ஆனால் அதற்கு முன் இரண்டு தாள் வேண்டும்: பழைய குழுவில் பாக்கி இல்லை என்ற கடிதம், அவர்கள் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது. பழைய குழுவின் மெல்லஃபோன், அதாவது மகள் வாசிக்கும் பித்தளை ஊது வாத்தியம், எங்கள் வீட்டு சோபாவில்தான் இருந்தது. குழுவின் ஆபீஸ் போனில் வாய்ஸ்மெயில் நிரம்பி வழிந்தது. ஒப்பந்தத்தில் இருந்த முகவரியைப் பார்த்து ஒரு சனிக்கிழமை ஐந்து மணி நேரம் காரோட்டிப் போனோம். போய் இறங்கினால், தபால் பெட்டி வாடகைக்கு விடும் கடை. கவுன்டரில் இருந்த பையன் பாவம், ரப்பர் பேண்ட் போட்ட தபால் கட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "மூணு வாரமா யாரும் வந்து எடுக்கல, சார்." எங்களைத் தவிரவும் நிறையப் பேர் தேடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. மெல்லஃபோனோடு திரும்பி ஐந்து மணி நேரம். வழியில் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை அப்படியே வீடு வந்து சேர்ந்தது.

கடைசியில் வழி காட்டியவர் சமையல் டிரக்கில் வாலன்டியராக இருந்த ஒரு அம்மா. ஆபீஸ்காரர்களைவிட இவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும், நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் மூலமாக நிர்வாகக் குழுவில் ஒருவர் கிடைத்தார். அவர் அனுப்பிய தாளைத் திறந்தால், 'நிலுவை: 1,400 டாலர்'. கம்ப்யூட்டர் 5,600இல் 4,200ஐக் கழித்து, மீதியை எங்களிடம் கேட்கிறது! டூர் இல்லை, குழு இல்லை, ஆனால் பாக்கி மட்டும் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, மனைவிக்கு வரவில்லை. "போனைக் குடுங்க" என்றாள். அந்த மனிதரிடம் என்ன பேசினாள் என்பதை இங்கே எழுத முடியாது. அடுத்த சனிக்கிழமை பாதி வழியில் ஒரு ஹார்டுவேர் கடை பார்க்கிங்கில் வந்து நின்றார். வாத்தியப் பெட்டியைத் திறந்து சீரியல் நம்பரைச் சரிபார்த்து, காரின் பானெட்டில் தாளை வைத்துக் கையாலேயே எழுதினார்: பாக்கி ஏதுமில்லை, வாத்தியம் பெறப்பட்டது. எழுதிய கை நடுங்கியது. அவர் மகனும் அதே குழுவில்தானாம், அவனுக்கும் அது கடைசி வருஷம். செக் விஷயத்தைக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே வந்துவிட்டேன்.

இப்படி எல்லோருக்கும் அமையவில்லை. ஜப்பானிலிருந்து கேம்ப்புக்கு வந்துபோன ஒரு டிரம்பெட் பையன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். மகளோடு வாசித்த இரண்டு பெண்கள், இன்னொரு தடவை முதலிலிருந்து பணம் கட்ட முடியாது என்று விட்டுவிட்டார்கள்.

டூருக்கு முந்தைய முழுநேரப் பயிற்சியான ஸ்பிரிங் டிரெய்னிங் தொடங்கிப் பத்து நாள் கழித்துப் புதிய குழுவிலிருந்து போன் வந்தது. மெல்லஃபோன் வரிசையில் ஒரு ஹோல், நாளை மறுநாள் வர முடியுமா? இந்த முறை கட்டணம் 3,900, தவணையில், ஒவ்வொரு பைசாவும் கார்டில். கூடுதல் சதவீதத்தைச் சந்தோஷமாகக் கட்டினேன்.

போனதும் அவள் கையில் ஒரு டாட் புக் கொடுத்திருக்கிறார்கள். மைதானத்தில் எந்த எண்ணிக்கைக்கு எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துவைத்து, கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளும் சின்ன நோட்டு. முதல் முப்பது பக்கம் வேறு யாரோ பென்சிலில் எழுதியது. அந்த இடத்தில் நின்ற பையன், மே மாதத் தவணையைக் கட்ட முடியாமல் வீட்டுக்குப் போனவன்.

ஜூலையில் சான் அன்டோனியோவின் அலமோடோம் ஸ்டேடியத்தில் அவள் ஆடியதைப் பார்க்கப் போனோம். முடிந்ததும் பார்க்கிங்கில், பஸ் கிளம்புவதற்குள், அந்த நோட்டைக் காட்டினாள். வியர்வையில் ஓரம் எல்லாம் சுருண்டிருந்தது. இருபத்தேழாவது பக்கத்தில் எண்களுக்குக் கீழே அந்தப் பையன் பொடி எழுத்தில் எழுதியிருந்தான்: இங்கே மூச்சு எடு, அடுத்து பதினாறு கவுண்ட் கிடைக்காது.

"நானும் அங்கதான்ப்பா எடுக்குறேன்" என்றாள்.