நடுராத்திரி பல்வலி: விடியும்வரை சமாளிக்க

பகலெல்லாம் சும்மா இருக்கும் சொத்தைப் பல் படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கும். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடி, பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் மென்மையான கூழ்ப் பகுதியில் அழுத்தம் ஏறுகிறது. முதல் வேலையாக இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. வலிக்கிற பக்கம் அரை நிமிடம் ஒதுக்கி வைத்துத் துப்புங்கள். பல்லிடுக்கில் கறி நார் சிக்கியிருந்தால் ஃப்ளாஸ் நூலால் மெல்ல எடுங்கள். ஊக்கு, குண்டூசி கூடவே கூடாது. சில பேருக்கு இதிலேயே பாதி வலி அடங்கிவிடும்.

கிராம்புத் தைலத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். அதிலுள்ள யூஜினால் என்ற பொருள் நரம்பை மரத்துப்போக வைக்கும். பல் டாக்டர்கள் தற்காலிகமாக அடைக்கும் ஒருவகை சிமெண்டிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் தைலத்தை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்து, வெள்ளையாகத் தோல் உரியும். பிறகு பல்வலியோடு புண் வலியும் சேரும். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு கலந்து, மிளகளவு பஞ்சைத் தோய்த்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும் வையுங்கள். ஈறில் படக்கூடாது. சில நிமிடத்தில் எடுத்துவிட்டு, ஊறும் எச்சிலைத் துப்பிவிடுங்கள். தைலம் இல்லையென்றால் ஒரு கிராம்பை லேசாகக் கடித்து அந்தப் பல்லோரம் ஒதுக்கலாம். குழந்தைகளுக்குத் தைலம் வேண்டவே வேண்டாம், விழுங்கிவிட்டால் கல்லீரலைப் பாதிக்கும்.

நசுக்கிய பூண்டும் ஈறைப் புண்ணாக்கிவிடும். ஆஸ்பிரினைப் பல்லருகே அடக்கி வைப்பது அதைவிட மோசம். அது அமிலம், ஈறை அரித்துவிடும்.

கன்னம் வீங்கியிருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி, கன்னத்துக்கு வெளியே 15 நிமிடம் வையுங்கள்.

பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்றோ இரண்டோ போடலாம். அடுத்த வேளைக்கு 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

நாள்கணக்கில் இருந்த வலி திடீரென்று நின்றால் குணமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பல்லின் நரம்பு செத்திருக்கலாம். வேர் நுனியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும். அப்போதும் டாக்டரிடம் போயே ஆகவேண்டும். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.