எப்போது வரும் என்றே தெரியாத தொடர்

இன்று இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தொடருக்காக உட்கார்ந்தேன். வந்தது வேறு நிகழ்ச்சி, அதுவும் பழையது.

அறிவிப்பு எதுவும் இல்லை. திரையின் கீழே மட்டும் 'புத்தம் புதிய அத்தியாயங்கள், விரைவில்' என்று ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. பேசுபவரின் வாயையே மறைக்கிற உயரத்துக்கு.

நல்ல எழுத்து அந்தத் தொடரில். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. அத்தனை பேர் உழைப்பையும் யாரும் தேடிப் பிடிக்க முடியாத நேரத்தில் போட்டுவிட்டு, 'மக்கள் பார்ப்பதில்லை' என்கிறார்கள்.

பார்ப்பவர்கள் குறைந்தால் விளம்பர வருமானம் குறையும். உடனே கை வைப்பது புதிய நிகழ்ச்சிகளுக்கான பணத்தில்தான். மறுஒளிபரப்பு கூடும், விளம்பர இடைவேளை நீளும், மிச்சம் இருந்தவர்களும் போய்விடுவார்கள்.

இதிலிருந்து ஒரு சேனலைக் காப்பாற்ற பெரிய பெயர் மட்டும் போதாது. பிரபல பேச்சு நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே 2011 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் தன் பெயரிலேயே ஒரு சேனல் தொடங்கினார். ஆனால் அவருடைய புகழ்பெற்ற தினசரி நிகழ்ச்சியோ அந்த மே மாதம் வரை வேறு சேனல்களில்தான் ஓடியது! அவரைப் பார்க்க வந்தவர்களுக்கு அவர் அங்கே அதிகம் கிடைக்கவில்லை.

ஆரம்ப வருடங்கள் திண்டாட்டம்தான். அப்புறம் 2013-ல் எழுத்தாளரும் இயக்குநருமான டைலர் பெர்ரியின் தொடர்கள் அந்தச் சேனலில் வந்தன. கூட்டம் சேர்ந்தது. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று தெரிந்தே ஆக வேண்டியிருந்தது அவர்களுக்கு.