55 ஓவருக்கு ஆறு பவுலர்கள்

2025 நவம்பர், கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், இந்தியா-தென்னாப்பிரிக்கா முதல் டெஸ்ட். தென்னாப்பிரிக்காவின் முதல் இன்னிங்ஸ் 55 ஓவரில் முடிந்தது. பும்ரா 14, குல்தீப் 14, சிராஜ் 12, ஜடேஜா 8, அக்சர் 6. மிச்சம் ஒரு ஓவர், அது வாஷிங்டன் சுந்தருக்கு. இரண்டாவது இன்னிங்ஸில் அவர் கைக்குப் பந்தே போகவில்லை. நாலு ஸ்பின்னர்களோடு இறங்கிய அணியில் ஒரு ஸ்பின்னர் மேட்ச் முழுக்கப் போட்டது ஆறே பந்து.

அதே வாஷிங்டன்தான் அந்த மேட்சில் நம் ஒன் டவுன், அதாவது முதல் விக்கெட் விழுந்ததும் இறங்கும் மூன்றாவது பேட்ஸ்மேன். 82 பந்தில் 29, 92 பந்தில் 31. அந்தப் பிட்சில் அது நல்ல ஆட்டம். 124 ரன்னைத் துரத்தி 93-க்குச் சுருண்ட இன்னிங்ஸில் அவருடைய 31-தான் அதிகம். ஆனால் அவருக்காக வெளியே உட்கார்ந்தவர் சாய் சுதர்சன். ஒரு மாதம் முன்புதான் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக அதே இடத்தில் இறங்கி 87 அடித்திருந்தார். அடுத்த டெஸ்ட் குவாஹாட்டியில். சாய் திரும்ப ஒன் டவுன், வாஷிங்டன் எட்டாவது இடம். ஒரு வார இடைவெளியில் ஒருவர் மூன்றிலிருந்து எட்டுக்குப் போகிறார் என்றால், அவரை எதற்காக எடுத்தோம் என்பதில் தேர்வு செய்தவர்களுக்கே தெளிவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்தச் சிக்கல் பிட்சிலிருந்து தொடங்குகிறது. கொல்கத்தாவில் கிடைத்தது தாங்கள் கேட்ட பிட்ச்தான் என்று பயிற்சியாளர் கம்பீரே மேட்ச் முடிந்ததும் சொன்னார். அப்படி ஒரு பிட்ச் செய்வது பெரிய வித்தை இல்லை. மேட்சுக்குச் சில நாள் முன்பே தண்ணீர் விடுவதை நிறுத்தி, புல்லை வழித்து, ரோலரையும் அளவாக ஓட்டினால் மேல்மண் முதல் நாளே உதிர ஆரம்பிக்கும். அதில் குட் லெங்த்தில் விழும் ஒரு பந்து திரும்பும், அடுத்தது அதே இடத்தில் விழுந்து நேராகப் போகும், இன்னொன்று கணுக்காலுக்குத் தாழும். எது எப்படிப் போகும் என்று போட்டவருக்கே தெரியாது. கொஞ்சம் வேகமாக, ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் போதும், மிச்சத்தைப் பிட்ச் பார்த்துக்கொள்ளும்.

இதில் நஷ்டம் நமக்குத்தான். ஜடேஜாவுக்கும் வெளிநாட்டு ஸ்பின்னருக்கும் உள்ள வித்தியாசம் மெதுவாகத் தேயும் பிட்சில்தான் தெரியும். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காது. நம் ஆள் ஓவருக்கு இரண்டு ரன் கொடுத்துக் கட்டிப்போடுவார், அவர்கள் ஆள் மூன்றரை, நாலு என்று கொடுப்பார். மூன்றாம் நாள் மாலை பிட்ச் உடையும்போது நம் கையில் நூறு ரன் முன்னிலை இருக்கும். 2013-லிருந்து சொந்த மண்ணில் தொடர்ந்து 18 தொடர்களை வென்றதில் பெரும்பாலான வெற்றிகள் இந்த வகை. முதல் நாளே உடையும் பிட்ச் அந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறது. 2024-இல் புனேயில் நியூசிலாந்து ஸ்பின்னர் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்தார். அதற்கு முன் டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட்கூட எடுத்திராதவர். அடுத்து மும்பையில் அதே அணியின் அஜாஸ் படேலுக்கு 11. அங்கே 147 ரன்னைத் துரத்தி 121-க்கு ஆல் அவுட், தொடர் 0-3. ஒரு வருஷம் கழித்துக் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்க ஸ்பின்னர் சைமன் ஹார்மருக்கு 8. மூன்று மேட்சிலும் நம் ஸ்பின்னர்கள் மோசமாகப் போடவில்லை. அவர்களுக்கு இணையாக எதிரணியும் போட முடிகிற ஒரு பிட்சை நாமே கொடுத்தோம்.

அடுத்தது இதிலிருந்தே வரும் பயம். இப்படிப்பட்ட பிட்சில் நம் பேட்டிங்கும் சரியும் என்று தெரிவதால் பேட்டிங்கை நீட்ட ஆல்ரவுண்டர்களைச் சேர்க்கிறார்கள். ஒரு நாளைக்கு 90 ஓவர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் ஆளுக்கு 15, மூன்று ஸ்பின்னர்கள் ஆளுக்கு 20. கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. ஆறாவது பவுலருக்கு வேலை வர வேண்டுமானால் எதிரணி 120 ஓவராவது ஆட வேண்டும். 55 ஓவரில் இன்னிங்ஸ் முடியும் பிட்சைக் கேட்டு வாங்கியவர்கள் அதில் ஆறு பவுலர்களை வைத்திருந்தார்கள். அந்த ஆறாவது இடத்தில் ஒரு முழுநேர பேட்ஸ்மேன் நின்றிருக்கலாம். 30 ரன்னில் தோற்ற மேட்ச் அது.

குவாஹாட்டியில் நேர் எதிரான பிட்ச், தவறு மட்டும் அதே ரகம். டாஸ் தோற்று 151.1 ஓவர் வீச வேண்டி வந்தது, தென்னாப்பிரிக்கா 489. அத்தனை நீண்ட இன்னிங்ஸில் வேகப்பந்து ஆல்ரவுண்டர் நிதிஷ் குமார் ரெட்டி போட்டது 6 ஓவர். மூன்றாவது வேகப்பந்து வீச்சாளர் தேவை என்றால் அணியோடு இருந்த ஆகாஷ் தீப்பை எடுத்திருக்க வேண்டும். பேட்ஸ்மேன் தேவை என்றால் பேட்ஸ்மேனை எடுத்திருக்க வேண்டும். அதே பிட்சில் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் யான்சன் ஷார்ட் பாலாகப் போட்டு 48 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். முடிவு 408 ரன் தோல்வி. ரன் கணக்கில் இந்தியா டெஸ்டில் கண்ட மிகப் பெரிய தோல்வி.

ஆல்ரவுண்டர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025-இல் இங்கிலாந்தில் அதே திட்டம் வேலை செய்தது. ஹெடிங்லியில் ஐந்து சதம் அடித்தும் தோற்றோம், காரணம் வால், அதாவது கடைசியில் இறங்கும் பவுலர்களின் பேட்டிங். முதல் இன்னிங்ஸில் கடைசி 7 விக்கெட் 41 ரன்னுக்கு, இரண்டாவதில் கடைசி 6 விக்கெட் 31 ரன்னுக்கு. அதன்பின் எட்டு வரை பேட்டிங் என்று முடிவெடுத்தது நியாயம்தான். மான்செஸ்டரில் ஜடேஜாவும் வாஷிங்டனும் சதம் அடித்துக் காப்பாற்றிய டிரா அந்த முடிவின் பலன். 2-2 என்று தொடரை முடித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஐந்து நாளும் பேட்டிங்குக்கு ஒத்துழைத்த பிட்ச்களுக்கான மருந்தை மூன்று நாளில் முடியும் பிட்சுக்கும் கொடுத்தார்கள்.

ஒன் டவுன் விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 2023 ஜூனில் ஓவலில் நடந்த டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிதான் புஜாராவின் கடைசி டெஸ்ட். அதன்பின் அந்த இடத்தில் இறங்கியவர்களில் நினைவிலிருந்தே ஏழு பேரைச் சொல்லலாம்: கில், கோலி, படிக்கல், ராகுல், சாய், கருண் நாயர், வாஷிங்டன். அது யாரையும் நிரப்பிவிடக்கூடிய இடம் இல்லை. முதல் ஓவரிலேயே ஓப்பனர் போனால் ஒன் டவுன் ஆடுபவர்தான் மூன்றாவது ஓப்பனர். 40 ஓவர் கழித்து இறங்கினால் வந்த உடனே ஸ்பின், சுற்றி நாலு பேர் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டுக்கும் வேறு வேறு கால் அசைவு, வேறு பொறுமை. ஒருவரை அதற்குத் தயார் செய்யப் பத்து டெஸ்டாவது தொடர்ந்து கொடுக்க வேண்டும். சாய்க்குக் கிடைத்தது என்ன? ஹெடிங்லியில் அறிமுகம், 0, 30. அடுத்த டெஸ்டிலேயே வெளியே. மான்செஸ்டரில் திரும்ப வந்து 61. டெல்லியில் 87. கொல்கத்தாவில் வெளியே. குவாஹாட்டியில் உள்ளே. கருண் நாயரை எட்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டு, முதல் டெஸ்டில் ஆறாவதாகவும் அடுத்த இரண்டில் மூன்றாவதாகவும் இறக்கி, நாலாவதில் நிறுத்தி, ஐந்தாவதில் திரும்ப எடுத்தார்கள். இப்படி ஆடும்போது பேட்ஸ்மேன் பந்தைப் பார்க்க மாட்டார், ஸ்கோர்போர்டைத்தான் பார்ப்பார். குவாஹாட்டி இரண்டாவது இன்னிங்ஸில் சாய் 139 பந்து நின்று 14 எடுத்தார். அந்தப் பொறுமை உள்ள ஆளை எடுத்துப் போட்டு எடுத்துப் போட்டு விளையாடக் கூடாது.

ஸ்பின்னர்கள் விஷயத்திலும் இதே கதை. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் பெர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா. மூன்று டெஸ்டுக்கு மூன்று பேர். பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த அன்றே 537 விக்கெட்டோடு அஸ்வின் ஓய்வை அறிவித்தார். அவருக்குப் பின் யார் என்று அன்று யாருக்கும் தெரியாது.

கால அட்டவணையையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் டி20 தொடரின் கடைசி ஆட்டம் நவம்பர் 8, பிரிஸ்பேனில். கொல்கத்தா டெஸ்ட் நவம்பர் 14. கில், பும்ரா, அக்சர், வாஷிங்டன் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள். பயண அலுப்பு, நேர மாற்றம் போக இரண்டு மூன்று நாள் வலைப்பயிற்சி மிஞ்சியிருக்கும். ஸ்பின்னுக்கு எதிரான ஆட்டம் அதற்குள் திரும்பி வராது. உடைந்த பிட்சில் பந்து விழும் இடத்தை எட்டி அடைப்பதா, பின்காலில் கடைசிவரை காத்திருப்பதா என்பது தினம் சில மணி நேரம் எனப் பத்து நாள் ஆடினால்தான் காலுக்குப் பழகும். தென்னாப்பிரிக்கா அக்டோபரில் லாகூரிலும் ராவல்பிண்டியிலும் இரண்டு டெஸ்ட் ஆடிவிட்டு இங்கே வந்தது. ஹார்மருக்கும் மகாராஜுக்கும் கை சூடாகவே இருந்தது. இந்தத் தொடரில் ஹார்மர் எடுத்தது 17 விக்கெட்.

அணித் தாளை எழுதும்போது முதலில் 20 விக்கெட்டை யார் எடுப்பது என்று எழுத வேண்டும். இந்தப் பிட்சில் ஒரு இன்னிங்ஸ் எத்தனை ஓவர் போகும், அதை யாரெல்லாம் வீசுவார்கள் என்று பக்கத்தில் எண்ணைப் போட வேண்டும். பத்து ஓவருக்குக் கீழே வரும் பெயரை அடித்துவிட்டு அங்கே பேட்ஸ்மேனை எழுத வேண்டும். அப்படி எழுதினால் குல்தீப் யாதவ் பெயர் முதல் வரியிலேயே வரும். இங்கிலாந்தில் 5 டெஸ்டும் அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அவரை எடுத்தால் பேட்டிங் ஆழம் குறையும் என்பதுதான் கணக்கு. குவாஹாட்டி முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 122 என்று இருந்தபோது அவர் வாஷிங்டனோடு சேர்ந்து 72 ரன் கூட்டணி அமைத்தார். 134 பந்து ஆடினார், 19 ரன். அந்த இன்னிங்ஸில் வேறு எந்த இந்தியரும் நூறு பந்துகூட நிற்கவில்லை.